பின்னால் யாரும் ஏறக் கூடாது

கட்டட வேலைத்தளத்தில் எல்லோரும் அவளை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்கவே வேண்டாம், வாசலில் கால் வைத்தாலே காதில் விழும். கிடங்கு மூலையில் திரும்ப வேண்டுமா, ஒரு ஹாரன். ஷட்டர் கதவைத் தாண்ட வேண்டுமா, இன்னொரு ஹாரன். ஈ காக்கை இல்லாத சந்தில்கூட, சுமை தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி, அடித்து, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவாள்.

"யாருக்குடி அடிக்கிற, பூனைக்கா?" என்று கலவை போடும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"பூனைக்கும் நாலு காலு இருக்குல்ல? ஒண்ணு போனா நீயா குடுப்ப?" என்பாள். பேச்சில் அவளை மடக்க அங்கே ஆள் கிடையாது.

வீட்டிலும் இதே கூத்துதான். இஸ்திரிக் கடைக்கு மேலே இரண்டே அறை. அதில் அண்ணன், அண்ணி, இவள். அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் திரும்பும்போது வாயாலேயே "பீப் பீப்" என்பாள். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

"கடவுளே, இது வீடா கிடங்கா? உன்னக் கட்டிக்கப் போறவன் காதுல பஞ்ச அடைச்சுக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தணும்."

"அப்படி ஒருத்தன் வரட்டும் அண்ணி, பஞ்ச நானே வாங்கித் தர்றேன்."

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இவள் கதை நகராது. சுமை ஏற்றி இறக்குகிற ஆட்களில் அவன்தான் பெரிய ஆள். பெரிய ஆள் என்றால் நிஜமாகவே பெரிய ஆள். அவன் மாடிப்படி ஏறினால் கீழே இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரையை நிமிர்ந்து பார்ப்பார். தளத்தில் அவனுக்கு எடைக்கல் என்று பெயர். வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இவனுக்கோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். ஃபோர்க்லிஃப்டைச் சக்கரம் வைத்த சீசா பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றின் மேல் சுமை. பின்னால் அதைச் சமாளிக்கப் பெரிய இரும்புப் பாளம். முன்பக்கம் சுமை மிஞ்சிவிட்டால் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். இது தூக்கக் கூடாத சுமை என்று வண்டியே சொல்கிறது என்று அர்த்தம். புத்தி உள்ளவன் இறக்கி வைத்துவிட்டு வேறு வழி பார்ப்பான். அந்தத் தளத்திலோ காலங்காலமாக ஒரு வழக்கம். பின் சக்கரம் எழும்பியதும் நாலு பேர் ஓடிப்போய் அந்தப் பாளத்தின் மேல் தொற்றிக்கொள்வார்கள். வண்டி கீழே இறங்கும், சுமை மேலே எழும்பும். எடைக்கல் ஏறினால் மற்ற மூன்று பேரும் வேண்டாம். அவன் ஒருவனே போதும். எல்லோரும் விசிலடிப்பார்கள், அவன் ராஜா மாதிரி கையை உயர்த்திக் காட்டுவான். உட்கார்ந்து உட்கார்ந்தே பாளத்தின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து அந்த ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"இந்தக் கட்டடத்துல பாதிய நான் உக்காந்துக்கிட்டே தூக்கியிருக்கேன்" என்பான், சாப்பாட்டு நேரத்தில் வாய் நிறைய.

இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? அங்கே பிடிக்கப் பிடி கிடையாது, கால் வைக்கப் படி கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் கார் மாதிரி முன் சக்கரத்தைத் திருப்பிப் போகிற வண்டி அல்ல. பின் சக்கரம்தான் திரும்பும், அதனால் முதுகுப்பக்கம் சட்டென்று வீசிக்கொண்டு வரும். அங்கே ஒரு சுவர் இருந்தால் உட்கார்ந்திருப்பவன் கதி என்ன? இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆகவில்லை என்பதாலேயே அது வழக்கமாகிவிட்டது. வழக்கம் பெருமையாகிவிட்டது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இவள் அங்கே துடைப்பத்தோடு வந்தவள். அண்ணன்தான் மேஸ்திரியிடம் சொல்லித் தளத்தைப் பெருக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டான். பழைய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வேறு இடத்துக்குப் போனதும், விருப்பமுள்ள ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து உரிமம் எடுத்துத் தருவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். மேஸ்திரி முதலில் கேட்டது எடைக்கல்லைத்தான். அவன் யோசிக்கவே இல்லை.

"நானே ஓட்டினா பின்னால யாரு மேஸ்திரி உக்கார்றது?"

சிரிப்பு அடங்குவதற்குள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் கையைத் தூக்கினாள். மேஸ்திரிக்குத் துளியும் இஷ்டமில்லை. இவள் ஒற்றைக் காலில் நின்றாள், அண்ணனை விட்டும் சொல்ல வைத்தாள். போனாள், படித்தாள், முதல் தடவையிலேயே உரிமத்தோடு வந்து நின்றாள். அந்த இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிய நாளில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வரை தரையையே பார்த்து வேலை செய்தவள், முதன்முதலாக எல்லோரையும் மேலிருந்து பார்த்தாள். செத்தாலும் இனி இந்த இடத்தை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

மேஸ்திரி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் வாயில் 'சீக்கிரம்' என்ற சொல் எச்சிலைவிட அதிகம் ஊறும். இவள் ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, வண்டி போகிற வழியை ஒரு தடவை நடந்து பார்த்து, இரும்புக் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மெல்லப் போவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. "ஏம்மா, வண்டி ஓட்டுறியா, இல்ல குழந்தைய நடை பழக்குறியா?" என்பார். இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அதுவரை வந்ததெல்லாம் ஓடு, சிமெண்டு மூட்டை, பெயிண்ட் டப்பா என்று வண்டிக்கு அடங்கிய சுமைகள். அண்ணன் ஏறி உட்கார வேண்டிய நேரம் வரவில்லை. வந்தால் என்ன செய்வது என்று இவளுக்குள் ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

அந்த நேரம் ஒரு பெரிய மோட்டார் உருவத்தில் வந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார், ஆள் உயர மரப்பெட்டிக்குள். லாரியில் கொண்டுவந்தவர்கள் கிரேனால் இறக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, கிரேனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை ஒரு சரிவுப் பாதை வழியாகக் கீழே மோட்டார் அறைக்குள் கொண்டுபோய் மேடையில் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பொருத்துகிற ஆட்கள் வருகிறார்கள். மேஸ்திரி காலையிலிருந்தே நெருப்பை மிதித்தவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

பெட்டி நீளமானது. ஒரு நீளப் பக்கம் சுவரோரம் இருந்தது, இன்னொன்றை ஒட்டி இரும்புக் குழாய்களை யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். குறுகிய பக்கத்தில் மட்டும்தான் வழி திறந்து கிடந்தது. இவள் அந்தப் பக்கமாகப் போய் இரும்புக் கைகளை உள்ளே நுழைத்து, ஒரு விரல்கடை தூக்கிப் பார்த்தாள். வண்டியின் முதுகுப்பக்கம் லேசானது அவளுக்கு இருக்கையிலேயே தெரிந்தது. பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. உடனே இறக்கி வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு விசில். திரும்பிப் பார்த்தால், அண்ணன் தோள் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருகிறான். எத்தனை நாளாகக் காத்திருந்தானோ, முகமெல்லாம் பல்.

"தூக்கு தங்கச்சி, நான் இருக்கேன்ல!"

இவள் இஞ்சினை நிறுத்தினாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"பின்னால யாரும் ஏறக் கூடாதுண்ணே."

"யாரும்னா? நான்டி!"

"நீயும்தான்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னம்மா புதுசா சட்டம் பேசுற? எத்தனை பெட்டிய இப்படித் தூக்கியிருக்கோம். ரெண்டு நிமிஷ வேலை. சீக்கிரம் ஏறு."

"மேஸ்திரி, பெட்டியோட கனம் தப்பில்ல. நாம புடிக்கிற பக்கம்தான் தப்பு. குடத்த இடுப்புல வெச்சா ஒரு தெரு நடக்கலாம். அதே குடத்தக் கைய நீட்டிப் புடிச்சா வாசல் வரைக்கும் போவ முடியுமா? நீளப் பக்கமா புடிச்சா பெட்டியோட கனம் வண்டிய ஒட்டி வந்துடும். யாரும் ஏற வேண்டாம். இந்தக் குழாய மட்டும் எடுத்துட்டாப் போதும்."

"எனக்குத் தெரியாதாம்மா அது? குழாய எடுக்க அரை நாளு ஆவும், அதுக்கு எங்க போறது?"

"நான் எடுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள மோட்டார் அந்த மேடை மேல இருக்கும்."

"இல்லைன்னா?"

இவள் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எதை வைத்து ஆடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லைன்னா சாவிய உங்க கையில குடுத்துட்டு, நானே போயி துடைப்பத்த எடுத்துக்கறேன்."

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். உரிமம் வைத்திருக்கிற வேறு ஆளும் கிடையாது. "பொழுது சாயட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரியைச் சமாளித்துவிட்டாள். அண்ணன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மணல் குவியல் மேல் போய் உட்கார்ந்துவிட்டான். இவள் குழாய்களைக் வண்டியால் கட்டுக் கட்டாக எடுத்து முற்றத்தின் மறுபக்கம் அடுக்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் முகம் இன்னும் ஒரு சுற்று உப்பியது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டு இவளே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்ன இங்க கூட்டிட்டு வந்தது யாரு?" என்றான் அவன், மணலைப் பார்த்துக்கொண்டே.

"நீதான்."

"உனக்காக மேஸ்திரிகிட்டப் பேசினது யாரு?"

"அதுவும் நீதான்."

"அத்தனை பேரு முன்னால என்ன ஏற வேண்டாம்னுட்டியேடி. நான் ஏறாம இங்க ஒரு பெரிய பெட்டி நகந்திருக்கா? இனிமே என்னை எவன் மதிப்பான்?"

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. அவளுக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

"அவங்களுக்கு நீ எடைக்கல்லுண்ணே. எனக்கு நீ அண்ணன். உன்ன மூட்டையா நெனச்சு என்னால வண்டி ஓட்ட முடியாது. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கோவிச்சுக்கறதுனா கோவிச்சுக்க. முழுசா இருந்து கோவிச்சுக்க."

அவன் அவள் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டான். அதுவே பாதி சமாதானம்.

குழாய்கள் ஒதுங்கியபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. இவள் சரிவுப் பாதையில் மேலும் கீழும் நடந்து பார்த்தாள். முந்தைய நாள் மழையில் சேறு படிந்திருந்தது. பழைய துடைப்பத்தையே எடுத்துத் தள்ளிவிட்டு, ஜல்லித் தூளை அள்ளித் தூவினாள். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மணிக்கட்டையே தேய்த்துவிட்டார். சரிவில் பெட்டி மேட்டுப் பக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது முன்னால் வழுகாது. அதனால் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். ஓரமாக நின்று ஆட்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள, அவள் கண்ணில் படும்படியான ஓர் ஆள் தேவை.

"அண்ணே, உன்ன விடக் கண்ணுல படுற ஆளு இந்தத் தளத்துல வேற யாரு இருக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, போனால் போகிறது என்கிற மாதிரி எழுந்து வந்து சரிவின் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றான்.

இவள் பெட்டியின் நீளப் பக்கமாக இரும்புக் கைகளை நுழைத்தாள். அடி வரைக்கும் நுழைத்து, மெல்லத் தூக்கினாள். ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை. பெட்டி எழும்பியது. பின் சக்கரங்கள் தரையோடு தரையாக அப்படியே இருந்தன. பாளத்தின் மேல் ஒரு குருவிகூட இல்லை!

"தூக்கிட்டாடா!" என்று யாரோ கத்தினார்கள். இவள் சந்தோஷப்படக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் தாழ்த்தி, சற்றே தன் பக்கம் சாய்த்து, திரும்பிப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி.

சரிவு முடியப் போகிற இடத்தில், மூலைக்கு இரும்புப் பட்டை அடித்த ஒரு கான்கிரீட் தூண். அங்கே ஒரு துண்டு சேறு மட்டும் துடைப்பத்துக்குத் தப்பியிருந்தது. முன்னால் கனம் இருக்கும்போது பின் சக்கரங்களுக்குப் பிடி குறைவுதானே? அந்தச் சேற்றில் ஏறியதும் அவை வழுக்கின. வண்டியின் முதுகு தூணைப் பார்த்துச் சறுக்கியது.

எடைக்கல்லுக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை, பழக்கம்தான் வேலை செய்தது. இத்தனை வருஷமாக வண்டி தடுமாறினால் ஓடிப்போய்ப் பின்பக்கம் பிடிக்கிறவன் அவன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் பாயக் காலை எடுத்துவிட்டான்.

ஹாரன் அலறியது. அவள் அதுவரை அடித்த ஹாரன் எல்லாம் ஒன்றும் இல்லை. மூலைக்கு மூலை அடித்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தானோ என்னவோ, காது கிழிகிற மாதிரி ஒரே மூச்சாக அடித்தாள்.

"அங்கயே நில்லுண்ணே!"

அவன் எடுத்த கால் அப்படியே நின்றது. வண்டி தூணில் 'டம்'மென்று மோதி நின்றது. சிமெண்டுத் தூள் புகையாகக் கிளம்பியது. அவள் குதிக்கவில்லை, ஸ்டியரிங்கை விடவில்லை, பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்தாள். பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

புகை அடங்கியதும் இஞ்சினை நிறுத்திவிட்டு அண்ணனைத்தான் தேடினாள். அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், முழுசாக. சேற்றைச் சுத்தமாகத் துடைத்து எடுக்கச் சொன்னாள். தூளைத் தூவச் சொன்னாள். வண்டியை ஒரு சாண் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடியும் இறங்கினாள். மோட்டார் அறைக்குள் திரும்பி, மேடைக்கு நேரே நின்று, பூனைக்குட்டியை இறக்குகிற மாதிரி பெட்டியை இறக்கி வைத்தாள். வெளியே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

பிறகு ஒரே கூச்சல். கலவை போடும் பெண்கள் சட்டியைத் தட்டினார்கள். விசில் பறந்தது, இந்தத் தடவை எடைக்கல்லுக்காக அல்ல. இவள் அடக்கமாக நிற்கிற ஜாதி இல்லையே! இருக்கையில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி, "சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு இறங்கிப் போய் இடுப்பிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி முன்னால் சாவியை நீட்டினாள்.

"வேணுமா மேஸ்திரி?"

"எதுக்கு, நான் ஓட்டி இன்னொரு தூண இடிக்கறதுக்கா?" என்றார் மேஸ்திரி. "நீயே வெச்சுக்கம்மா. அந்தச் சீட்டு உன்னோடதுதான். இனிமே நான் சீக்கிரம்னு சொன்னாலும் காதுல வாங்காத."

"எப்பவுமே வாங்கினதில்லையே!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனை மட்டும் காணவில்லை. அவன் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். இரும்புப் பாளத்தில், அவன் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த அந்தப் பளபளப்பான இடத்தில், சரியாக அதே இடத்தில், தூணின் மூலை ஒரு நகக்கண் ஆழத்துக்கு உழுதுவிட்டுப் போயிருந்தது. அவன் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு தன் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தங்கச்சி வந்து பக்கத்தில் நின்றதும் நிமிர்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் குழந்தை மாதிரி அழுதான்.

அன்று மாலை மாடிப்படியில் ஏறும்போது இருவரும் சேர்ந்தே "பீப் பீப்" என்றார்கள். அண்ணி கரண்டியோடு வெளியே வந்து, "போச்சு, உங்களுக்கும் புடிச்சிருச்சா?" என்றாள். அவன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. இவள்தான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல், கையை ஆட்டி, காலை ஆட்டி, தூண் மோதிய சத்தத்தோடு சேர்த்துச் சொல்லி முடித்தாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது அந்தப் பள்ளத்தையும் பட்டி பார்த்து மூட வந்தார்கள். எடைக்கல் விடவில்லை. இப்போது அவன் வண்டிக்கு முன்னால் போகிறவன். பச்சை அங்கி, கழுத்தில் ஊதல், கையில் சிவப்புக் கொடி. அவன் கை காட்டாமல் தளத்தில் யாரும் சரிவைக் கடக்க முடியாது. இவள் ஹாரனும் அவன் ஊதலும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

போன வாரம் ஒரு கனமான பெட்டி வந்தது. வேறு தளத்திலிருந்து புதிதாக வந்த சுமைக்காரன் ஒருவன், அங்கே பழகிய பழக்கத்தில் ஓடிவந்து பாளத்தின் மேல் தாவி ஏறி, அந்தப் பள்ளத்தின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான். இவள் சாவியை உருவுவதற்குள் எடைக்கல் வந்துவிட்டான். அவனைச் சட்டைக் காலரோடு தூக்கித் தரையில் நிறுத்தினான்.

"எறங்குடா. அது யாரு இடம்னு தெரியுமா? என் இடம். நானே அங்க உக்கார்றதில்ல, நீ யாருடா உக்கார்றதுக்கு?"

இருக்கையில் அவன் தங்கச்சி சிரித்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஒரு ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.